மாத்திரை போட்டும் எடை குறையலையே, டாக்டர்?

தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் எடையும் களைப்பும் மாறி மாறி வருகின்றன. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கே: ஆறு மாதமாகத் தவறாமல் மாத்திரை போடுகிறேன். எடை குறையவே இல்லை. மாத்திரை வேலை செய்யவில்லையா?
*(ஆசிரியை, கும்பகோணம்)*

ப: அதை எடை மெஷினிடம் கேட்காதீர்கள், ரத்தப் பரிசோதனையிடம் கேளுங்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அசந்து போனால் மூளையிலிருந்து ‘எழுந்திரு, வேலை செய்’ என்று ஒரு சத்தம் போகும். அந்தச் சத்தத்தின் அளவுதான் டி.எஸ்.எச். பெரும்பாலான லேப்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று போட்டிருப்பார்கள். உங்கள் ரிப்போர்ட் அதற்குள் வந்திருந்தால் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது.

எடை ஏன் அசையவில்லை? தைராய்டு குறைவால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய உப்பும் நீரும். மாத்திரை அதைத்தான் இறக்கும். 15 கிலோ கூடியிருந்தால், பாதிக்கு மேற்பட்ட எடைக்கு வேறு காரணம் உண்டு. அதற்கு வேறு வழியும் உண்டு. கீழே சொல்கிறேன்.

கே: அப்படியானால் 50 மைக்ரோகிராமை நானே 100 ஆக்கிக்கொண்டால் சீக்கிரம் மெலியலாமே?
*(தனியார் நிறுவன ஊழியர், கோவை)*

ப: மெலிவதற்கு முன் இதயம் படபடக்கும். தேவைக்கு மேல் போடுகிற தைராக்சின் (உங்கள் மாத்திரையில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) கொழுப்பை மட்டும் தேடிப் போய்க் கரைப்பதில்லை. தசையைக் கரைக்கும், எலும்பைத் தேய்க்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு முறிவு வரை கொண்டுபோய் விடும். எடை குறைக்க இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டி கட்டி எச்சரித்திருக்கிறது. அளவைத் தீர்மானிக்க வேண்டியது ரிப்போர்ட்டும் மருத்துவரும். அவசரத்துக்கு அதில் இடமில்லை.

கே: காலையில் காபி குடிக்காமல் எனக்குக் கண்ணே திறக்காது. மாத்திரையைக் காபியோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?
*(இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்)*

ப: கண்ணைத் திறக்க முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். மாத்திரை அதோடு போகட்டும். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. மருந்தைச் சரியாகப் போட்டும் சிலருக்கு டி.எஸ்.எச். இறங்காமல் இருந்ததைக் கண்டு, இத்தாலிய மருத்துவர்கள் காரணம் தேடினார்கள். மாத்திரை போட்ட கையோடு அவர்கள் குடித்த காபிதான் மருந்தைக் குடலில் சேரவிடாமல் தடுத்திருந்தது. 2008இல் அதை எழுதியும் வைத்தார்கள். நம் ஊர்க் காபியில் பால் வேறு சேர்கிறது. பாலின் கால்சியமும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

ஒரு வழி சொல்கிறேன். மாத்திரை டப்பாவைச் சமையலறையில் வைக்காதீர்கள். அடுப்புச் சூடும் ஆவியும் அதற்கு ஆகாது. படுக்கை பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு வையுங்கள். அலாரம் அடித்ததும் மாத்திரை. பிறகு பல் தேய்த்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு முடிக்கும்போது காபிக்கு நேரமாகிவிடும்.

கே: கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் மாத்திரை, தைராய்டு மாத்திரை, நாலையும் காலையில் ஒரே வாயில் போட்டுவிடுகிறேன். சரிதானே?
*(ஓய்வு பெற்ற தபால் ஊழியர், திருநெல்வேலி)*

ப: சரியில்லை ஐயா. கால்சியமும் இரும்பும் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவ மருந்துக்கும் இதே கணக்கு. அமிலச் சுரப்பையே குறைக்கும் கேஸ் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்குத் தைராக்சின் அளவு கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

எளிய அட்டவணை: எழுந்ததும் தைராய்டு மாத்திரை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம். இரும்பு இரவு. கால்சியமும் இரும்பும்கூட ஒன்றோடொன்று சேராதவை.

கே: எனக்கு இரவு ஷிஃப்ட். காலை எது, ராத்திரி எது என்றே தெரியவில்லை. எப்போது போடுவது?
*(கால் சென்டர் ஊழியர், சென்னை)*

ப: உங்கள் வயிறு எப்போது காலியோ, அப்போது. கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆன பிறகு, படுக்கப் போகும்போது போடலாம். அதுவும் காலை வேளைக்குச் சமமாகவே வேலை செய்யும். ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். நோன்பிருக்கும் ரமலான் மாதத்தில் இஸ்லாமிய வாசகர்களுக்கும் இந்தப் படுக்கை வேளை உதவும்.

கே: ஒருநாள் மறந்துபோனால்?
*(கல்லூரி மாணவி, வேலூர்)*

ப: நினைவு வந்ததும் போடுங்கள். அன்று முழுக்க மறந்திருந்தால், மறுநாள் காலை ஒன்று, இரவு ஒன்று. தைராக்சினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒருநாள் மறதிக்குப் பயம் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் மறதி என்றால் பயப்படுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் இந்த இரட்டை மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே போடவும்.

கே: டி.எஸ்.எச். 2.1 என்று வந்திருக்கிறது. நார்மல் என்கிறார்கள். ஆனால் மதியம் மூன்று மணிக்கு உடம்பு துவண்டு விடுகிறது. யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
*(வங்கி ஊழியர், மதுரை)*

ப: நான் நம்புகிறேன். களைப்பு நிஜம். காரணம் வேறு இடத்தில் இருக்கலாம் என்பதைத்தான் அந்த 2.1 சொல்கிறது. தைராய்டு என்று ஒரு பெயர் வந்துவிட்டால், அதன் பிறகு வரும் எல்லாக் கஷ்டத்தையும் அதன் தலையிலேயே போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விட்டுவிடுகிறோம்.

வரிசையாகப் பாருங்கள். முதலில் ஹீமோகுளோபின். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்கிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் இதுவே முதல் சந்தேகம். அடுத்து வைட்டமின் பி12. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். மேலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகையில், அதே எதிர்ப்புச் சக்தி வயிற்றையும் தாக்கி பி12 உடலில் சேராமல் செய்வதுண்டு. பிறகு சர்க்கரை அளவு, வைட்டமின் டி.

தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். குறட்டை பலமாக இருந்து, எட்டு மணி நேரம் தூங்கியும் தலைவலியோடு எழுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மனம் எதிலும் ஒட்டாமல், காரணமின்றி அழுகை வந்தால் அதையும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கிறது, மீட்சியும் இருக்கிறது.

கே: முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பக்கமே போகக் கூடாதாமே?
*(வாசகி, ஈரோடு)*

ப: போங்கள், பொரியல் செய்து சாப்பிடுங்கள். வேகவைத்தால் தைராய்டைத் தடுக்கும் பொருள் பெரிதும் குறைந்துவிடும். அயோடின் போதுமான அளவு கிடைக்கிற, மாத்திரையும் போடுகிற ஒருவரை ஒரு கிண்ணம் பொரியல் ஒன்றும் செய்யாது. கூடாதது பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது. கம்பும் அப்படித்தான். வாரத்தில் சில நாள் கம்மங்கூழ் குடிக்கலாம், மூன்று வேளையும் அதுவே என்றால் வேண்டாம். சோயா சாப்பிடலாம், மாத்திரை நேரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

கே: பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டுக் கல் உப்புக்கும் இந்துப்புக்கும் மாறிவிட்டோம். தைராய்டுக்கு நல்லதுதானே?
*(இயற்கை விவசாயி, தூத்துக்குடி)*

ப: உப்பளத்து ஊரிலிருந்து கேட்கிறீர்கள், விவரமாகவே சொல்கிறேன். 1950களில் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை ஊர் ஊராகப் பரவிக் கிடந்தது. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அங்கே அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை குறைந்தது. 1962இல் தேசியத் திட்டம் பிறக்க அது வழிவகுத்தது. கடல் அருகில் இருந்தாலும் காய்ச்சிய கடல் உப்பில் அயோடின் போதாது. இந்துப்பிலும் போதாது.

உங்கள் சுரப்பி ஏற்கெனவே பழுதாகி மாத்திரையில் இருக்கிறது என்றால், உப்பை மாற்றுவதால் அது திரும்ப எழாது. அதே குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் அயோடின் கட்டாயம் வேண்டும். குழந்தையின் மூளை வளர்ச்சி அதை நம்பியிருக்கிறது. ஆகவே வீட்டுக்கு அயோடின் உப்பு. கல் உப்புதான் வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல் உப்பு கடையில் கிடைக்கிறது. கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று தனியாக எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவு மிஞ்சினாலும் சுரப்பி முடங்கும்.

கே: சோற்றை விட்டால்தான் எடை குறையும் என்கிறாள் என் நாத்தனார். விட முடியவில்லை. என்ன செய்ய?
*(இல்லத்தரசி, தஞ்சாவூர்)*

ப: சோற்றை விட வேண்டாம். முதலில் எண்ணெய்த் தூக்கையும் சர்க்கரை டப்பாவையும் பாருங்கள்.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல். அதாவது ஏறக்குறைய 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம். நாளுக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், அதில் 160 கலோரி. அரை ஸ்பூனுக்கு இறங்கினால் 120 கலோரி குறையும். இந்த இரண்டிலேயே நாளுக்கு 250 கலோரி மிச்சமாகிறது. சோற்றில் இன்னும் கை வைக்கவே இல்லை.

இனி தட்டு. பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு சோறு. மீதிக் கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று புரதம். கீரையையும் காயையும் முதலில் சாப்பிடுங்கள், சோற்றுக்கு இரண்டாவது முறை கை நீளாது. மிஞ்சிப்போகிறதே என்று பிள்ளைகள் தட்டில் விட்டதை நீங்கள் சாப்பிடாதீர்கள். மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதும். பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், களைப்பு இன்னும் கூடும்.

கே: நடக்கச் சொல்கிறார்கள். எழுந்திருக்கவே தெம்பில்லையே?
*(தையல் தொழிலாளி, திருப்பூர்)*

ப: மாத்திரை ஆரம்பித்த முதல் ஓரிரு மாதம் உங்களை நீங்களே விரட்ட வேண்டாம். தைராய்டு குறைவில் தசை வலிக்கும், பிடித்துக்கொள்ளும். அளவு சரியானதும் அது விலகும். அதுவரை ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை நடந்தால் போதும். பிறகு வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குக்குப் படிப்படியாக வாருங்கள்.

நீங்கள் நாள் முழுக்க மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர். ஒவ்வொரு மணி நேரமும் எழுந்து, நாற்காலியைப் பிடிக்காமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். தொடைத் தசை பலப்படும். உடம்பில் தசை கூடினால் தெம்பும் கூடும், குறைந்த எடை திரும்ப ஏறாமலும் காக்கும்.

கே: நாள் தள்ளிப் போயிருக்கிறது. தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
*(பெயர் வேண்டாம், சேலம்)*

ப: வாழ்த்துகள். நிறுத்தவே கூடாது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. அதனால் கர்ப்பம் உறுதியானதும் மாத்திரை அளவு பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் கூடும். பல மருத்துவர்கள் வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை போடச் சொல்வார்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் நாலு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையும் கால்சியமும் அவசியம், 4 மணி நேர இடைவெளியோடு. பிரசவம் ஆனதும் அளவு பழையபடி இறங்கும், ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கே: அம்மாவுக்கு வயது 74. டி.எஸ்.எச். 6.2. மற்ற ஹார்மோன் நார்மல். மருத்துவர் மாத்திரை தரவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா?
*(கணினிப் பொறியாளர், பெங்களூரு)*

ப: அம்மாவின் டாக்டரையே நம்புங்கள். வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயதைத் தாண்டி, உங்கள் அம்மாவைப் போல லேசான ஏற்றம் மட்டும் உள்ள 737 பேரிடம் ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் களைப்பில் வேறுபாடே இல்லை. சில மாதம் கழித்து மீண்டும் பரிசோதனை செய்யுங்கள், அதுவே போதும். 10ஐத் தாண்டினால் கதை வேறு.

கே: மாதாமாதம் டி.எஸ்.எச். பார்க்கிறேன். நல்லதுதானே?
*(வணிகர், காரைக்குடி)*

ப: பணம்தான் கரையும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் அரைகுறைப் பதில்தான் வரும். அளவு நிலையானபின் ஆறு மாதம் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. மெடிக்கல் ஷாப்பில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், அதன் பிறகும் ஒருமுறை. ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் எடுத்தபின் போடுங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டும்.

கே: எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதாமே. தைராய்டு உள்ளவர்கள் போடலாமா?
*(அழகு நிலைய உரிமையாளர், புதுச்சேரி)*

ப: தைராய்டு குறைவு மட்டும் தடையில்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது ‘மெடுல்லரி’ வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில், உடல் பருமன் நோயாகவே ஆகிவிட்டவர்களுக்கான மருந்து அது. கல்யாணத்துக்கு முன் இரண்டு கிலோ குறைக்க அல்ல. எடை நன்றாகக் குறைந்தால் தைராக்சின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கே: 48 நாளில் தைராய்டை வேரோடு குணப்படுத்துவதாக ஒருவர் சொல்கிறார். மாத்திரையை நிறுத்திப் பார்க்கவா?
*(வாசகர், நாகர்கோவில்)*

ப: வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் சில தைராய்டு கோளாறுகள் தாமாகச் சரியாகும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார். ஆனால் ஹாஷிமோட்டோவில் சுரப்பி சிறுகச் சிறுக அழிந்துவிடுகிறது. அறுவை செய்து எடுத்தவர்களுக்கோ சுரப்பியே இல்லை. இல்லாத சுரப்பியை எந்தச் சூரணமும் வளர்க்காது.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைவில் வீங்கி ஒடுங்கிப் போயிருந்த 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறியாட்டுச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் எழுந்து நடந்தார், 74 வயது வரை வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அதே உயிர்ப்பு ஒரு கடுகளவு வெள்ளை மாத்திரையில், நாளுக்குச் சில ரூபாயில் கிடைக்கிறது. அதை நிறுத்த வைக்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

கே: என் மனைவிக்கு முப்பத்தெட்டு வயது. தைராய்டு மாத்திரை போடுகிறாள். எப்போதும் அசதி, எடையும் கூடிவிட்டது. ‘சோம்பேறியாகிவிட்டாள்’ என்கிறார்கள் எங்கள் வீட்டில். நான் என்ன செய்யலாம்?
*(ஓட்டுநர், விருதுநகர்)*

ப: கேட்டீர்களே, அதற்கே நன்றி. முதல் வேலை, அந்தச் சொல்லை வீட்டில் நிறுத்துங்கள். 2013இல் வெளியான ஆய்வில், சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நூறு பெரியவர்களில் ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் யாரும் சோம்பலால் அதைச் சம்பாதிக்கவில்லை.

இரண்டாவது, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் மருத்துவரிடம் போங்கள். டி.எஸ்.எச்.சோடு ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் நீங்கள் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காபியையும் நீங்களே போடுங்கள். மாலையில் இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் நடங்கள்.

மாத்திரை உடம்பில் குறைந்ததை நிரப்பும். ஓய்வையும் ஆதரவையும் வீட்டார்தான் தர வேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொரு கணவருக்கும் மாமியாருக்கும் மகனுக்கும் என் வேண்டுகோள் இதுவே: உங்கள் வீட்டில் தைராய்டு மாத்திரை போடுகிறவர் களைத்து உட்கார்ந்தால் குறை சொல்லாதீர்கள், கடைசியாக எப்போது பரிசோதனை செய்தார் என்று கேளுங்கள்.